காந்த அறை வாசலில் சொன்ன பொய்

பாலக்கோடு,
ஞாயிற்றுக்கிழமை காலை.

அன்பு மகள் மலர்விழிக்கு அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் வேளைக்குச் சாப்பிட்டு, படுத்ததும் தூங்கி, சண்டை போடுகிற அளவுக்குத் தெம்போடு இருக்கிறோம். நீயும் மாப்பிள்ளையும் அந்த எட்மன்டன் ஊரில் அதேபோல இருக்க வேண்டும் என்று காலையில் சாமி விளக்கு ஏற்றும்போதெல்லாம் உன் அம்மா வாய்விட்டே சொல்கிறாள், எனக்கும் சேர்த்து. இங்கே இந்த வருஷம் ஆடி மழை ஏமாற்றவில்லை. மாரண்டஅள்ளிப் பக்கம் கிணறுகளில் தண்ணீர் ஏறியிருக்கிறது. மண்டிக்குத் தக்காளி வண்டிகள் விடியும் முன்னே வந்து நிற்பதால் நம் கடைக்கு முன்னால் பாதையே இருப்பதில்லை. நம் வூட்டுக்குப் பின்னாலிருக்கும் எலுமிச்சை இந்த முறைதான் ஒழுங்காகக் காய்த்தது, அம்மா ஊறுகாய் போட்டு வைத்திருக்கிறாள், பக்கத்துத் தெரு சசிகலாவின் மகன் அடுத்த வாரம் கனடா வருகிறானாம், அவன் கையில் ஊறுகாயையும் இந்தக் கடிதத்தையும் சேர்த்துக் கொடுத்து விடுகிறோம்.

போன ஞாயிறு நீ போனில் அழுதுகொண்டே வைத்துவிட்டாய். அன்றிலிருந்து எனக்கு மனசு சரியில்லை. நம் பட்டறைக் கவுஸ் பாஷா பாய் உன்னிடம் ஏதோ நல்ல சேதி சொல்வதாக நினைத்து, அண்ணன் கழுத்துப் பட்டையைக் கழற்றிவிட்டார் என்று என்னைப் பற்றிச் சொல்லப்போய், என்ன பட்டை, எதற்குப் பட்டை என்று நீ கேட்டு, எட்டு மாதச் சங்கதியும் ஒரே மூச்சில் உனக்குத் தெரிந்துபோனது. எங்கிட்ட ஏம்பா சொல்லல என்று நீ கேட்டதற்குப் பதில் சொல்ல வேண்டும். போனில் பேசினால் நீ அழுவாய், அம்மா பிடுங்கிக்கொள்வாள், நடுவில் சிக்னல் போகும், பாதிதான் சொல்ல முடியும். அதனால் எழுதுகிறேன். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன், எனக்கு வெட்கமான இடத்தையும் விடாமல்.

தை மாதத்தில் இது தொடங்கியது. முதலில் வலது கைச் சுண்டு விரல் பக்கம் எறும்பு ஊர்வதுபோல இருந்தது. பிறகு சட்டைப் பொத்தான் போடுவதற்குள் பொறுமை போனது. டீ டம்ளர் பிடித்திருக்கிறேனா இல்லையா என்று பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. உனக்குத் தெரியும், என் வேலையே விரலில்தான் இருக்கிறது. எரிந்துபோன மோட்டாரைப் பிரித்து, பழைய காயிலை அறுத்து எடுத்துவிட்டு, புதுக் கம்பியைச் சுற்றுக் கணக்குத் தவறாமல் கட்டி, ஒவ்வொரு பள்ளத்திலும் நெருக்கி இறக்க வேண்டும். கம்பிக்கு மேலிருக்கும் தோல் ஓரிடத்தில் உரிந்தாலும் விரல் நுனி சொல்லிவிடும். முப்பது வருஷமாக அது சொல்லிக்கொண்டிருந்தது, இந்த வருஷம் பேசாமலிருந்துவிட்டது. நான் யாரிடமும் சொல்லவில்லை. குளிர் என்றும், வயசு என்றும் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பங்குனியில் குள்ளம்மாள் அக்காவின் போர் மோட்டார் வந்தது. பெல்ரம்பட்டிப் பக்கம் ஒன்றரை ஏக்கரில் தனியாளாகத் தக்காளி வைத்திருக்கிறாளே, அந்த அக்காதான். நான் கட்டிக் கொடுத்தேன். இறக்கி நாலாம் நாள் எரிந்துபோனது. மறுபடி மேலே ஏற்றி, பிரித்துப் பார்த்து, இன்னொன்று கட்டி இறக்குவதற்குள் பூவும் பிஞ்சுமாக நின்ற செடி ஆறு நாள் தண்ணீரில்லாமல் நின்றது, ஒரு பகுதி வாடியே போனது. அக்கா என்னைத் திட்டியிருந்தால் பரவாயில்லை. உனக்கு ஒடம்பு சரியில்லையா தம்பி என்று கேட்டாள். அன்று சாயங்காலம் பாய் அந்த எரிந்த காயிலைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கம்பி ஒன்றின் தோல் உரிந்திருந்தது. ஒரு பள்ளத்தில் சுற்றும் குறைந்திருந்தது. கடைசியில், "அண்ணே, இது உங்க கை கட்டினது இல்ல" என்றார். இருபத்திரண்டு வருஷமாக ஒரே பட்டறையில் எதிரெதிரே உட்கார்ந்து வேலை செய்கிறவரிடம் எதை மறைப்பது. சொன்னேன். மறுநாளே கடைக்குப் பூட்டுப் போட்டுவிட்டு அவரே என்னைத் தர்மபுரிக்கு நரம்பு டாக்டரிடம் கூட்டிப் போனார்.

டாக்டர் சுத்தியால் முழங்கையைத் தட்டினார், ஊசி நுனியால் குத்திக் குத்தித் தெரிகிறதா என்று கேட்டார், கண்ணை மூடிக்கொண்டு நடக்கச் சொன்னார். கழுத்தில் எம்ஆர்ஐ எடுத்துவிட்டு வாங்க, தலையும் சேர்த்துப் பாத்துடலாம் என்று மட்டும் சொன்னார். தலையும் என்ற அந்த ஒரு சொல்தான் உன் அம்மாவைச் சாய்த்துவிட்டது. உன் பெரிய மாமாவுக்கு இப்படித்தானே ஆரம்பித்தது, கை மரத்தது, பேனா பிடிக்க முடியவில்லை, தலைக்குள் கட்டி என்றார்கள், ஆறே மாதம். நீ அப்போது எட்டாவது படித்தாய், உனக்கும் ஞாபகமிருக்கும். அம்மா அன்றிலிருந்து என்னைத் தனியே விடவில்லை. நான் குளிக்கப் போனால் குளியலறை வாசலில் நிற்பாள், சோறு போட்டால் என் கையையே பார்த்துக்கொண்டிருப்பாள். உனக்குச் சொல்ல வேண்டாம் என்று நாங்கள் பேசி முடிவெடுத்தது அந்த வாரத்தில்தான். படம் வரட்டும், என்னவென்று தெரிந்துகொண்டு சொல்வோம், தெரியாத ஒன்றைச் சொல்லிப் பிள்ளையைப் பத்தாயிரம் மைலுக்கு அப்பால் தவிக்க விடுவானேன் என்று நினைத்தோம். அது தப்பென்று இப்போது தெரிகிறது.

ஸ்கேன் சென்டருக்கு அம்மாவும் நானும் போனோம். அங்கே மெஷின் பார்க்கிற பெண்ணின் பெயர் ஆஃப்ரின், உன் வயசுதான் இருக்கும். அம்மா பணம் கட்டப் போயிருந்தபோது, ஒரு தாளை வைத்துக்கொண்டு வரிசையாகக் கேட்டாள். இருதயத்தில் மெஷின் வைத்திருக்கிறதா, எலும்பு முறிந்து தகடு வைத்ததுண்டா, காதில் கருவி உண்டா. எல்லாவற்றுக்கும் இல்லை, இல்லை என்று சொல்லிக்கொண்டே வந்தேன். வெல்டிங், கிரைண்டிங் வேலை செய்ததுண்டா, கண்ணில் எப்போதாவது இரும்புத் தூள் பட்டதுண்டா என்று கேட்டாள். அதற்கும் இல்லை என்றேன்.

அது பொய் கண்ணு. பட்டிருக்கிறது. கல்யாணத்துக்கு முந்தின வருஷம், ஓசூரில் ஒரு லேத் பட்டறையில் இருந்தேன். கண்ணாடி போடாமல் கிரைண்டர் பிடித்தேன், பொறி ஒன்று இடது கண்ணில் அடித்தது. சொன்னால் வேலையை விட்டு அனுப்பிவிடுவார்கள் என்று பயந்து, கிணற்றுத் தண்ணீரில் கழுவிக்கொண்டு, ரெண்டு நாள் ஒற்றைக் கண்ணோடு வேலை பார்த்தேன். மூன்றாம் நாள் உறுத்தல் நின்றது. போய்விட்டது என்று விட்டுவிட்டேன். அம்மாவிடம்கூடச் சொன்னதில்லை. ஸ்கேன் சென்டரில் அந்தப் பெண் கேட்டபோது எனக்கு நன்றாகவே ஞாபகம் வந்தது. ஆனால் ஆமாம் என்றால் இன்றைக்கு எடுக்கமாட்டார்கள், இன்னொரு பரிசோதனை, இன்னொரு நாள், இன்னும் ஒரு வாரம் உன் அம்மா தூங்காமல் கிடப்பாள், என்னவோ ஒன்று இன்றே தெரிந்து தொலையட்டும் என்றுதான் இருந்தது. முப்பது வருஷம் முன்னால் பட்டது இப்போது என்ன செய்யும் என்றும் நினைத்தேன்.

அப்புறம் உடுப்பு மாற்றச் சொன்னார்கள். மோதிரம், வாட்ச், பெல்ட் எல்லாம் போனது. அரைஞாண் கயிற்றில் தாயத்து இருந்ததே, அதையும் எடுக்க வேண்டுமாம். உள்ளே என்ன தகடு இருக்கிறதோ யார் கண்டது. முடிச்சு இறுகிப்போய் அவிழவில்லை, கத்தரித்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது. ஆம்பிளைக்கு அரைஞாண் கயிறு கடைசிக் குளியலில்தான் அறுப்பார்கள் என்று உனக்குத் தெரியுமல்லவா, உன் அம்மா அந்தக் கத்தரிக்கோலைப் பார்த்த பார்வையை நான் சொல்ல வேண்டியதில்லை. பையிலிருந்து ஒரு கறுப்புக் கயிற்றை எடுத்து, பழையதை அறுக்குமுன்னே புதியதைக் கட்டிவிட்டாள். வரும்போதே யாரிடமோ விசாரித்துத் தயாராக வந்திருக்கிறாள். வெறும் நூல்தான், இரும்பில்லை என்று ஆஃப்ரினிடம் அவளே எடுத்துச் சொன்னாள்.

எனக்கு முன்னால் ஒருவர் உள்ளே இருந்தார், அம்மா வெளியே போய் உட்கார்ந்துகொண்டாள். காத்திருக்கும்போது அந்தப் பெண் என்ன வேலை செய்யறீங்கய்யா என்று கேட்டாள், மோட்டார் காயில் கட்டுகிறேன் என்றேன். அப்ப இது உங்க மெஷின்தாங்க, உள்ளே முழுக்கக் காயில்தான் என்று சிரித்தாள். அவ்வளவுதான், எனக்குப் பயம் மறந்துபோனது. எவ்வளவு பெரிய காந்தம் என்று கேட்டேன். பூமியே ஒரு காந்தம், அதன் இழுப்பைவிட முப்பதாயிரம் மடங்கு என்றாள். மெஷினை ஆன் செய்யும்போதுதானே காந்தம் வரும் என்றேன். இல்லையாம். அந்தக் காந்தம் அணைவதே இல்லை. ராத்திரி பூட்டிவிட்டுப் போனாலும், ஊரில் கரண்ட் போனாலும் காந்தம் காந்தமாகவே இருக்கும். ஒரு கத்தரிக்கோலை மறந்து சட்டைப்பையில் வைத்துக்கொண்டு அறைக்குள் போனால் பையைக் கிழித்துக்கொண்டு பறக்கும், அதனால்தான் இத்தனை கேள்வி என்றாள். முந்தியவர் வெளியே வந்தார். அவள் எழுந்து போய்க் கதவுக் கைப்பிடியில் கை வைத்துக்கொண்டு, வாங்கய்யா என்று கூப்பிட்டாள்.

நான் எழுந்தேன், நாலடி வைத்தேன். எனக்கு இரும்பும் காந்தமும் புத்தகத்தில் படித்த சங்கதி இல்லை. கடையில் இரும்புத் தூள் காந்தத்தைக் கண்டால் முள்ளுமுள்ளாக எழுந்து நிற்பதைத் தினமும் பார்க்கிறவன். ஒரு கடுகளவு இரும்பு, முப்பதாயிரம் மடங்கு இழுப்பு, நடுவே என் கண். கால் நின்றுவிட்டது.

"ஏம்மா, ஒரு நிமிசம். நான் பொய் சொல்லிட்டேன். கண்ணுல இரும்பு பட்டிருக்குது."

அவள் கைப்பிடியை விட்டுவிட்டாள். கோபப்படவில்லை. எந்தக் கண், எந்த வருஷம், டாக்டர் எடுத்தாரா என்று மட்டும் கேட்டு எழுதிக்கொண்டாள். தலையைக் குனிந்துகொண்டு மன்னிச்சுக்கம்மா என்றேன். "இப்பச் சொன்னீங்களே, அது போதுங்கய்யா" என்றாள். ஆனால் எழுதி முடித்ததும் அந்தக் கதவைப் பூட்டி, பூட்டிவிட்டதா என்று இரண்டு முறை இழுத்துப் பார்த்தாள். என்னைவிட அவள்தான் அதிகம் பயந்திருக்கிறாள். அன்றைக்கு ஸ்கேன் இல்லை என்று வெளியே வந்து சொன்னபோது அம்மா என் துணிகளை எடுத்துக் கொடுத்தாள். மெஷினுக்கு முன்னால் கண்ணை ஒரு படம் எடுத்துப் பார்க்க வேண்டுமாம் என்று மட்டும் அவளிடம் சொன்னேன், இல்லை என்று முதலில் சொன்னதைச் சொல்லவில்லை.

எக்ஸ்ரேயில் இடது கண்ணோரம் வெள்ளையாக ஒரு புள்ளி, பாதி ராகி மணி அளவு. கண் டாக்டர் விளக்கு வைத்து, உருப்பெருக்கியில் குனிந்து பார்த்துவிட்டு, இது எத்தனை நாளாக இருக்கிறது என்று கேட்டார். என் கண் வெள்ளையில் மூக்குப் பக்கமாகப் பழுப்பாக ஒரு புள்ளி இருக்குமே, சின்ன வயசில் நீ மடியில் உட்கார்ந்து, அப்பாவுக்குக் கண்ணுக்குள்ளே மச்சம் என்று விரலால் தொட வருவாயே, அதுதான். அது மச்சமில்லை கண்ணு. இரும்பு. கண்ணுருண்டைக்குள் போகாமல் மேல் தோலுக்குள்ளே சிக்கி, சுற்றிலும் சதை மூடி, துருப்பிடித்துக்கொண்டு அங்கேயே குடியிருந்திருக்கிறது. உள்ளே இறங்கியிருந்தால் பார்வை எப்போதோ போயிருக்கும் என்றார் டாக்டர். மரத்துப்போகச் சொட்டு மருந்து விட்டு, கால் மணி நேரத்தில் எடுத்துவிட்டார், தையல்கூட இல்லை. பெண் பார்க்க வந்த அன்றே உன் அம்மா அந்த மச்சத்தைப் பார்த்திருக்கிறாள், கண்ணில் மச்சமிருப்பவன் குடும்பத்தைக் கைவிடமாட்டான் என்று அவள் அம்மா, உன் ஆயா, சொல்லித்தான் சம்மதித்தாளாம். டாக்டர் அந்தத் துணுக்கை ஒரு காகிதத்தில் மடித்துக் கொடுத்தபோது வாங்கிப் பிரித்துப் பார்த்துவிட்டு, "துருவைப் பாத்துத்தான் நான் கழுத்த நீட்டினனா" என்றாள். இரண்டு மாதத்தில் அவள் சிரித்து அன்றுதான் பார்த்தேன். டாக்டரும் சிரித்துவிட்டார்.

மறுநாள் கடையில் பாயிடம் அந்தக் காகிதத்தைக் காட்டினேன். பழைய ஸ்பீக்கர் காந்தம் ஒன்று கிடந்தது. துணுக்கை மேசை மேல் வைத்துவிட்டு, காந்தத்தை மெதுவாகப் பக்கத்தில் கொண்டுபோனேன். இரண்டு விரற்கடை இருக்கும்போதே அது புரண்டு எழுந்து ஓடிப்போய் டக்கென்று ஒட்டிக்கொண்டது. சின்னச் சத்தம்தான். பாய் எழுந்துபோய், சுவரில் தூசி படிந்து தொங்கிய கிரைண்டர் கண்ணாடிகள் இரண்டையும் எடுத்துச் சோப்புப் போட்டுக் கழுவி வைத்தார்.

கண் ஆற இரண்டு வாரம் விட்டு, மறுபடி எக்ஸ்ரே எடுத்து, ஒன்றுமில்லை என்று டாக்டர் எழுதிக் கொடுத்த பிறகுதான் போனோம். இந்த முறை ஆஃப்ரின் கேட்ட எல்லாக் கேள்விக்கும் யோசித்து யோசித்துப் பதில் சொன்னேன், அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. அன்றைக்கும் அரை மணி காத்திருக்க வேண்டியிருந்தது, அவளிடம் என் சந்தேகங்களை எல்லாம் கேட்டேன். நீ பள்ளிக்கூடத்தில் இதெல்லாம் படித்திருப்பாய், இருந்தாலும் நான் புரிந்துகொண்டதை எழுதுகிறேன், தப்பிருந்தால் சொல். அணையாத காந்தம் எப்படி என்றுதான் எனக்கு முதல் சந்தேகம். அதுவும் ஒரு காயில்தானாம், சுற்றியிருப்பது நம் செம்புக் கம்பி இல்லை, வேறு உலோகம் சேர்த்த கம்பி, அதை ஹீலியம் திரவத்தில் முக்கி வைத்திருக்கிறார்கள். உங்கள் ஊரில் மைனஸ் முப்பது என்று புலம்புகிறாயே, அந்தக் கம்பி இருக்கும் குளிர் மைனஸ் இருநூற்று அறுபத்தொன்பது. அந்தக் குளிரில் கம்பி கரண்ட்டைத் தடுப்பதே இல்லையாம். ஒருமுறை கரண்ட்டைச் சுற்ற விட்டுவிட்டு லைனைக் கழற்றிவிட்டால், அது பாட்டுக்கு வருஷக்கணக்கில் சுற்றிக்கொண்டே இருக்கும், சூடாகாது, எரியாது. முப்பது வருஷமாக எரிந்த காயிலை அறுத்துப் போட்டே பிழைத்தவன் நான், எரியாத காயில் ஒன்று உலகத்தில் இருக்கிறது என்று கேட்டபோது மயிர்க்கூச்செறிந்தது.

காந்தம் எலும்பையும் சதையையும் எப்படிப் படமெடுக்கும் என்று கேட்டேன். நம் உடம்பில் பாதிக்கு மேல் தண்ணீர்தான். தண்ணீரில் ஹைட்ரஜன் அணு இருக்கிறது, அதன் நடுக்கரு ஒவ்வொன்றும் பம்பரம் மாதிரிச் சுற்றுகிற குட்டிக் காந்தம். சாதாரணமாக அவை சந்தைக் கூட்டம்போல ஆளுக்கொரு பக்கம் முகம் திருப்பி நிற்கும். பெரிய காந்தத்துக்குள் படுத்ததும் அவற்றில் ஒரு சிறு பங்கு அதிகமாக ஒரே திசைக்குத் திரும்புகிறது. அப்போது ஒரு ரேடியோ அலையை அனுப்புவார்கள், நம் எஃப்எம் ஸ்டேஷனுக்குக் கொஞ்சம் கீழே. அளவு சரியாகப் பொருந்தினால்தான் அவை அசையும். அசைந்து சாய்ந்ததும் அலையை நிறுத்திவிடுவார்கள். சாய்ந்தவை நிமிர்ந்து பழைய இடத்துக்கு வரும், வரும்போது வாங்கிய சக்தியை மெல்லிய அலையாகத் திருப்பிக் கொடுக்கும். அதைப் பிடிக்கத்தான் கழுத்தைச் சுற்றிக் கூண்டு மாதிரி ஒரு காயில் வைக்கிறார்கள். தண்ணீர் நிமிர ஒரு நேரம், கொழுப்பு நிமிர ஒரு நேரம், அதை வைத்துத்தான் படத்தில் கறுப்பும் வெள்ளையும். வெளியே ஓடுகிற ரேடியோ எதுவும் உள்ளே நுழைந்து குழப்பாமலிருக்க அந்த அறையின் சுவர், கூரை, தரை எல்லாவற்றிலும் செம்புத் தகடு அடித்திருக்கிறார்களாம். எவ்வளவு செம்பு இருக்கும் என்று நான் கணக்குப் போட ஆரம்பித்ததும் உன் அம்மா முழங்கையால் இடித்தாள்.

உள்ளே படுக்க வைத்தார்கள். காதில் பஞ்சு, அதற்கு மேல் ஒரு மூடி. பயமாக இருந்தால் அமுக்குங்க என்று ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்தாள். வலது கையில் வாங்கினேன், அமுக்க வரவில்லை. அவள் எடுத்து இடது கையில் வைத்துவிட்டுப் போனாள். படுக்கை நகர்ந்து குழாய்க்குள் போனது, முகத்துக்கு ஒரு சாண் மேலே கூரை. உன் பெரிய மாமாவும் இப்படித்தானே படுத்திருப்பார் என்ற நினைப்பு வந்தது. பிறகு சத்தம் ஆரம்பித்தது. முதலில் யாரோ இரும்புக் கதவைத் தட்டுவது மாதிரி, அப்புறம் கீச்சென்று விடாமல், அப்புறம் தடதடவென்று. எந்த இடத்திலிருந்து அலை வருகிறது என்று பிரித்துத் தெரிந்துகொள்ள இன்னும் மூன்று காயில் இருக்கிறதாம், அவை காந்தத்தை இந்தப் பக்கம் கொஞ்சம் கூட்டி அந்தப் பக்கம் கொஞ்சம் குறைக்கும், அதனால் ஒவ்வோர் இடமும் வேறு வேறு சுருதியில் பதில் சொல்லும் என்று அவள் சொல்லியிருந்தாள். அந்தக் காயில்களில் கரண்ட்டைப் போட்டுப் போட்டு எடுப்பதுதான் இந்தச் சத்தம். காந்தத்துக்கு நடுவே கம்பியில் கரண்ட் ஓடினால் கம்பி உதைக்கும், அந்த உதையில்தானே மோட்டாரே சுற்றுகிறது. இங்கே சுற்ற விடாமல் இறுக்கிக் கட்டிப் போட்டிருக்கிறார்கள், அது நின்ற இடத்திலேயே துள்ளுகிறது. அது புரிந்ததும் பயம் விட்டுப்போனது. சுற்ற முடியாத ஒரு பெரிய மோட்டாருக்குள் படுத்துக்கொண்டு, காயில் நன்றாகத்தான் கட்டியிருக்கிறார்கள், எங்கேயும் தளரவில்லை என்று கேட்டுக்கொண்டே நாற்பது நிமிஷம் கிடந்தேன். வெளியே வந்து ஆஃப்ரினிடம் அதைச் சொன்னேன். இத்தனை பேருக்கு எடுத்திருக்கேன், நல்லாக் கட்டியிருக்குதுன்னு சொன்ன ஆள் நீங்கதாங்கய்யா என்றாள்.

இரண்டு நாளில் டாக்டர் படத்தை விளக்குப் பலகையில் மாட்டினார். தலை சுத்தம். அந்த வார்த்தை காதில் விழுந்ததும் உன் அம்மா நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள், மேற்கொண்டு டாக்டர் சொன்னது ஒன்றும் அவளுக்குக் கேட்கவில்லை, பஸ்ஸில் வரும்போது நான்தான் மறுபடி சொன்னேன். கழுத்தெலும்புகளுக்கு நடுவே மெத்தை மாதிரி வட்டு இருக்கிறது, ஈரமிருக்கிற வட்டு படத்தில் வெள்ளையாகத் தெரியும், என்னுடையதில் கீழே இரண்டு வட்டு வற்றிக் கறுத்து, அதில் ஒன்று பிதுங்கி, கைக்குப் போகிற நரம்பின் வேரை அழுத்திக்கொண்டிருந்தது. முப்பது வருஷம் குனிந்தே காயில் கட்டியதன் கூலி. கத்தி இப்போதைக்கு வேண்டாம், பட்டை போட்டு, பயிற்சி செய்து, மூன்று மாதம் பார்க்கலாம் என்றார். முழுசாகப் பழையபடி ஆகும் என்று அவர் சொல்லவில்லை, நானும் உனக்கு அப்படிச் சொல்லமாட்டேன். மோதிர விரலிலும் சுண்டு விரலிலும் இன்னும் கொஞ்சம் மரப்பு இருக்கிறது. ஆனால் பிடி வந்துவிட்டது. பட்டையைக் கழற்றியாயிற்று. தினமும் காலையில் சுவரைப் பார்த்து நின்று தாடையை உள்ளே இழுக்கும் பயிற்சியை உன் அம்மா பக்கத்தில் நின்று எண்ணுகிறாள், எண்ணிக்கையில் ஏமாற்றவும் விடுவதில்லை.

பட்டறையில் பாய் மேசையை ஒரு முழம் உயர்த்திவிட்டார், இருவரும் இப்போது நிமிர்ந்து உட்கார்ந்துதான் வேலை செய்கிறோம். போன மாதம் குள்ளம்மாள் அக்கா தன் தங்கச்சி வயலுக்கென்று இன்னொரு மோட்டார் கொண்டுவந்தாள். பாய் கட்டட்டும் என்று நான் ஒதுங்கினேன். "எரிஞ்சா மறுபடி கட்டிக் குடு, நீயே கட்டு தம்பி" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டாள். ஒரு நாளில் முடிக்கிற வேலை, மூன்று நாள் எடுத்துக்கொண்டேன். விரல் சொல்லாத இடத்தில் கண்ணால் பார்த்தேன், கண்ணுக்குச் சந்தேகம் வந்த இடத்தில் பாயின் விரலை வாங்கிக்கொண்டேன். தண்ணீர்த் தொட்டியில் இறக்கி ஓட்டிப் பார்த்தபோது மூன்று பேருமே காதைத் தீட்டிக்கொண்டு நின்றோம், ஒரே சீராக ஓடியது. இன்று வரை ஓடிக்கொண்டிருக்கிறது.

இதுவரை எழுதியதை நேற்று சாயங்காலம் உன் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். ஆஃப்ரினிடம் இல்லை என்று பொய் சொன்ன இடம் வந்ததும், நிறுத்துங்க என்றாள். அவளுக்கும் அப்போதுதான் தெரியும். "யாராச்சும் கண்டுபுடிச்சாங்களா, நீங்களாச் சொன்னீங்களா" என்று கேட்டாள். நானாகத்தான் சொன்னேன் என்றேன். அந்த ஒரு நாளை நினைத்து அவள் எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தாள் என்று எனக்குத் தெரியாது, நான் விளக்குப் போட எழுந்தபோதும் அப்படியே இருந்தாள். பிறகு, அதை அடிச்சிடாதீங்க, புள்ளைக்கு அப்பிடியே போகட்டும் என்றாள்.

உன்னிடம் ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. போன பனிக்காலத்தில் நீ வழுக்கி விழுந்து மணிக்கட்டில் கட்டுப் போட்டிருந்ததை நாங்கள் மாப்பிள்ளை அனுப்பிய போட்டோவில்தான் பார்த்தோம். நீ எங்களை ஏமாற்றினாய் என்று சொல்லவில்லை, நாங்கள் பயப்படக்கூடாது என்றுதான் மறைத்தாய். நானும் அதற்காகத்தான் மறைத்தேன். மறைப்பதால் பயம் குறைவதில்லை கண்ணு, பிறகு தெரியும்போது கூடிப்போகிறது, ஆஃப்ரின் அந்தக் கதவை இழுத்து இழுத்துப் பார்த்த பிறகுதான் எனக்கு அது தெரிந்தது. இனிமேல் நீ எப்படி இருக்கிறாய் என்று நான் கேட்டால் உள்ளதைச் சொல். நீ கேட்டால் நானும் சொல்வேன், மரப்பு எத்தனை விரலில் என்பது வரைக்கும்.

அலுவலகத்தில் கம்ப்யூட்டரைக் கண்ணுக்கு நேராக உயர்த்தி வைத்துக்கொள், கழுத்தைக் குனிந்து போனைப் பார்த்துக்கொண்டே இருக்காதே, நம் வம்சத்து வட்டு கொஞ்சம் மென்மை போலிருக்கிறது. ஊறுகாய் ஜாடியை ஈரக் கரண்டி போடாமல் பார்த்துக்கொள் என்று அம்மா மூன்று தடவை சொல்லிவிட்டாள். நீங்கள் இருவரும் நோய் நொடியில்லாமல், ஒருவருக்கொருவர் ஒளிக்காமல், நீண்ட காலம் நிறைவாக வாழ எங்கள் இருவருடைய ஆசீர்வாதமும் என்றும் உண்டு. ஒவ்வொரு ஞாயிறு ராத்திரியும் நீ கூப்பிடும் நேரத்துக்கு நான் போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன், இன்னும் கோபமிருந்தாலும் பரவாயில்லை, கூப்பிடு.

உன் அன்பு அப்பா,
சென்னப்பன்